பிரிப்பதும் பிரிவதும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரமாதமாக ஒன்றுமில்லை, பதிப்பாளர் ஒருவர் அனுப்பி வைத்த நாலைந்து புத்தகங்கள்தாம். உள்ளே பழுப்பு நிற அட்டைப் பெட்டி. அதைச் சுற்றி வளைத்து ஒட்டு நாடா. அதற்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. பழைய காலத்துக் கோட்டைக்கு ஏழு மதில் என்று கதை சொல்வார்களே, அந்த மாதிரி ஏற்பாடு. ஒன்பது வயதாகும் என் மகள் கத்திரிக்கோலும் கையுமாக வந்து நின்றாள்.

“அப்பா, ஓபன் பண்ணட்டுமா?”

“பிரி, அம்மா. புத்தகத்தில் படாமல் பார்த்துப் பிரி” என்றேன்.

அவள் கத்திரிக்கோலைத் தாழ்த்திக் கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பிரின்னா, ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டுப் பிரிஞ்சு போவாங்களே, அதுதானே? இந்தப் பார்சல் யாரோட சண்டை போட்டுச்சு?”

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் உள்ளே போன பிறகு யோசித்துப் பார்த்தால், அது சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வியாகத் தோன்றவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். காதலர்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் என் தொழில். என் நாவல் ஒன்றில் கதாநாயகி மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கடிதத்தைப் பிரிக்கிறாள்; நான்காம் அத்தியாயத்தில் கதாநாயகனைப் பிரிகிறாள். இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம் என்று இத்தனை வருஷங்களாக எனக்கு ஒரு தடவையாவது உறைக்க வேண்டுமே! இல்லை. ஒரு குழந்தை வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நான் தமிழ் வித்துவான் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்ததோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் சொல் விஷயத்தில் சந்தேகம் வந்துவிட்டால் தூக்கம் வராது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் போட்ட பேரகராதி என் அலமாரியில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தாங்கிக் கொண்டு நிற்கிற அந்த யானைக் கூட்டத்தில் ஒன்றை இழுத்து மடியில் வைத்துக் கொண்டேன். அன்று மாலை வரையில் நான் பிரித்த பொட்டலங்களின் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில், நம் வீட்டுப் பேச்சையே கவனித்துப் பாருங்கள். மூட்டையை அவிழ்க்கிறோம். பெட்டியைத் திறக்கிறோம். பொட்டலத்தைப் பிரிக்கிறோம். முத்திரையை உடைக்கிறோம். உறையைக் கிழிக்கிறோம். இயற்கையே கட்டி அனுப்புகிற பார்சல்களுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம்: வாழைப் பழத்தை உரிக்கிறோம், பலாப் பழத்தைப் பிளக்கிறோம், இளநீரைச் சீவுகிறோம், அதுவே முற்றித் தேங்காயாகிவிட்டால் உடைக்கிறோம். எல்லாவற்றிலும் காரியம் ஒன்றுதான். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு எதற்காக இத்தனை சொற்கள்?

வெகு நேரம் யோசித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சொற்கள் உள்ளே இருக்கும் பண்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. மேலே இருந்த கட்டுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைச் சொல்லுகின்றன. அவிழ்த்த மூட்டையை மறுபடியும் கட்டிக் கொள்ளலாம். திறந்த பெட்டியை மூடிக் கொள்ளலாம். கிழித்த உறை குப்பைக்குத்தான் போக வேண்டும். உடைத்த முத்திரை உடைத்ததுதான். பிரம்மாவே வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது. பிரித்த பொட்டலம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காகிதம் கிழியவில்லை, மறுபடி மடிக்கலாம். ஆனால் பழைய மடிப்பின் தடம் அதில் இருந்துகொண்டே இருக்கும். பிரித்துப் பார்த்த பொட்டலம் என்பது கூர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆணும் பெண்ணும் பிரிந்து கூடிய கதைகளை எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன விளக்கம் வேண்டும்?

இந்தத் தடம் என்னும் சமாசாரம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. குஜராத்தில் லோத்தல் என்று ஓர் இடம் இருக்கிறது. சிந்துவெளி நாகரிகத்தின் துறைமுகப் பட்டினம் என்று சொல்லப்படுவது. 1955 முதல் எஸ்.ஆர். ராவ் அவர்களின் தலைமையில் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். பண்டகசாலை என்று கருதப்படும் கட்டடம் ஒன்றின் இடிபாட்டில், 60-க்கும் மேற்பட்ட சிறு களிமண் வில்லைகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் முன்புறத்திலும் முத்திரை பதிந்திருந்தது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பாயின் பின்னலும், துணியின் இழையும், கயிற்றின் முறுக்கும் பதிந்திருந்தன. அதாவது, சரக்கு மூட்டையைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் முத்திரை குத்தியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் பண்டகசாலையில் தீப்பிடித்தது. மூட்டை எரிந்தது, கயிறு எரிந்தது, களிமண் மட்டும் சுட்ட ஓடாகித் தப்பியது. சரக்கு இன்னதென்று தெரியாது. வியாபாரி இன்னாரென்று தெரியாது. ஆனால் 4,000 வருஷங்களுக்கு முன்னால் ஒருவன் ஒரு மூட்டையை எப்படிக் கட்டினான் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது!

களிமண் முத்திரை என்ன பெரிய காவல் என்று கேட்கலாம். ஒரு குழந்தை கிள்ளினால் விண்டு போகும். உண்மைதான். முத்திரை திருடனைத் தடுப்பதற்காக ஏற்பட்டதே அல்ல. பூட்டு திருடனைத் தடுக்கும். முத்திரை அவனைக் காட்டிக் கொடுக்கும். “யாரோ பிரித்திருக்கிறார்கள்” என்று சொல்லுவதோடு அதன் வேலை முடிந்தது. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம் இந்த நுட்பத்தை நன்றாக அறிந்திருந்தது. சரக்குக்கு முத்திரை இல்லாமல் சுங்கச் சாவடிக்கு வருகிறவனிடம் இரண்டு மடங்கு சுங்கம் வாங்க வேண்டும். பொய் முத்திரை குத்திக் கொண்டு வருகிறவனிடம் எட்டு மடங்கு வாங்க வேண்டும் என்று அது விதிக்கிறது. முத்திரை இல்லாதவன் சோம்பேறியாக இருக்கலாம்; பொய் முத்திரை குத்துகிறவன் நம்பிக்கையையே அல்லவா திருடுகிறான்?

நம் நாட்டுச் சங்கதியும் இப்படித்தான். கரிகால் சோழனைப் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றவும் இறக்கவும் வந்த பண்டங்களின்மேல் சோழனுடைய புலிச் சின்னத்தைப் பொறித்துக் குவித்து வைத்திருந்த காட்சி வருகிறது. சிலப்பதிகாரத்தில் வரும் வெள்ளிடை மன்றம் இன்னும் விசேஷமானது. ஊர் ஊராக வந்த வணிகர்கள் தங்கள் பெயரும் கணக்கும் பொறித்த பொதிகளைத் திறந்தவெளியில் போட்டுவிட்டுப் போவார்களாம். கதவு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, காவல் இல்லை. எவனாவது ஒரு பொதியைத் திருடத் துணிந்தால், அந்தச் சுமையை அவன் தலையில் ஏற்றிக் கழுத்து வலிக்க வலிக்க அங்கேயே சுற்றி வர வைத்துவிடுமாம் அந்த மன்றம். பொதியைப் பிரித்துப் பார்க்கக்கூட அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை!

அதே காப்பியத்தில்தான், தமிழில் பிரிக்கப்பட்ட கடிதங்களுக்குள் மறக்க முடியாத கடிதம் இருக்கிறது. மாதவி கோவலனுக்கு எழுதிய இரண்டாவது ஓலை. முதலில் எழுதியதை அவன் வாங்க மறுத்துவிட்டான். கண்ணகியோடு மதுரைக்கு நடந்து போகிற வழியில், கோசிகன் என்னும் அந்தண இளைஞன் இரண்டாவது ஓலையைக் கொண்டுவந்து நீட்டுகிறான். ஓலைச் சுருளின்மேல் களிமண் முத்திரை. மாதவி மோதிரத்தால் குத்தவில்லை. தன் கூந்தலால் ஒற்றி முத்திரையிட்டிருக்கிறாள். அவளோடு கூடியிருந்த நாளில் பழகிய கூந்தல் நெய்யின் வாசனை அந்த மண்ணிலிருந்து எழுந்து கோவலனைத் தாக்குகிறது. ஓலையைக் கைநழுவ விட அவனால் முடியவில்லை. அப்புறந்தான் திறந்து படிக்கிறான். அவள்மேல் குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே என்று தெளிகிறான். அந்த வாசகமே தன் பெற்றோருக்கும் பொருந்தும் என்று கண்டு, அதே ஓலையை அவர்களிடம் காட்டச் சொல்லிக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

இந்த இடத்தில் இளங்கோவடிகள் போட்டிருக்கும் வினைச்சொல் ‘பிரித்து’ அல்ல, ‘விரித்து’. சுருளைக் கையால் நீட்டி விரித்தான் என்கிறார். நாம் இன்று ‘பிரித்தான்’ என்று எழுதியிருப்போம். அடிகளின் காலத்தில் ‘பிரி’ என்றால் காதுக்கு வேறு ஒலி கேட்டிருக்க வேண்டும். அகப்பொருளின் ஐந்து ஒழுக்கங்களில் பிரிதல் ஒன்று. அதற்குரிய திணை பாலை. அகநானூற்றை எடுத்துக் கொண்டால், அதன் நானூறு பாட்டுகளில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாட்டுகளும் பாலைத் திணைதான். ஒரு நூலின் சரிபாதி பிரிவுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது! அப்படிப்பட்ட சொல்லை, காதலியின் கடிதத்தைத் திறக்கிற இடத்தில் போடுவதற்குக் கவிஞருக்கு மனம் வந்திராது என்று எனக்குப் படுகிறது. இது ஒரு கதைக்காரனின் ஊகம். வித்துவான்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அகராதி என்ன சொல்கிறது? ‘பிரி’ என்ற அடியிலிருந்தே இரண்டு வினைகள் கிளைக்கின்றன. ‘பிரிந்தேன்’ என்றால் தன்வினை. ‘பிரித்தேன்’ என்றால் பிறவினை. நடுவில் நிற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ‘ந்’ இருந்தால் துன்பம் நமக்கு நேருகிறது. ‘த்’ இருந்தால் காரியம் நம் கையால் நடக்கிறது. மெல்லின எழுத்தில் அழுகிறோம். வல்லின எழுத்தில் வேலை செய்கிறோம். இதோடு போகவில்லை. ‘பிரி’ என்று ஒரு பெயர்ச்சொல்லும் இருக்கிறது. களத்து மேட்டில் வைக்கோலை முறுக்கிப் பிரி திரிப்பார்கள். அதைக் கொண்டு கட்டுக் கட்டுவார்கள். மூன்று பிரிக் கயிறு என்று சொல்கிறோமே, அதே பிரிதான். முறுக்கு என்று பொருள்படும் ‘புரி’ என்னும் சொல்லே வாய்ப் பேச்சில் ‘பிரி’ ஆயிற்று. எனவே கட்டுவதும் பிரி. கட்டியதை எடுப்பதும் பிரி! பழைய கூரையைக் களைந்து புதிதாக வேய்வதைப் பிரித்து மேய்வது என்பார்கள். கூரை வீடுகள் குறைந்துவிட்டன. ஆனால் மேடையில் ஒரு பேச்சாளர் எதிர்க்கட்சிக்காரரைப் பிரித்து மேய்வதை நாம் இன்றும் கேட்டுக் கொண்டிருக்கிறோம்.

பழைய நாவல்களைப் படித்தவர்களுக்கு மற்றொரு வழக்கு ஞாபகம் இருக்கும். அவற்றில் வருகிறவர்கள் கடிதத்தைப் பிரிக்க மாட்டார்கள், ‘உடைத்து’ப் படிப்பார்கள். காகித உறையை எப்படி உடைப்பது என்று நான் சிறுவயதில் திகைத்ததுண்டு. உடைந்தது காகிதம் அல்ல. அதன்மேல் இருந்த அரக்கு முத்திரை. அரக்கு போய்ப் பசை வந்த பிறகும் சொல் மட்டும் கொஞ்ச காலம் தங்கியிருந்தது. சோழர்களின் செப்பேடுகளிலும் இந்த முத்திரைத் தத்துவத்தைப் பார்க்கலாம். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31 ஏடுகள். எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகள் கூடுமிடத்தில் ராஜேந்திர சோழனுடைய முத்திரையை வைத்திருக்கிறார்கள். புலியும் மீனும் வில்லும் அதில் உண்டு. வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, சொருகவும் முடியாது. ஒரு கிராமத்தின் நிலம் முழுவதும் அந்த வளையத்தின் நேர்மையில் தொங்கிக் கொண்டிருந்தது.

1879-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி நம் நாட்டில் தபால் கார்டு வந்தது. விலை கால் அணா. பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லாத முதல் கடிதம் அதுதான். தபால்காரர் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார், கடைசியில் விலாசதாரரும் படிப்பார். ஆனாலும் நம்மவர்கள் அந்தத் திறந்த கார்டுக்கும் ஒரு முத்திரை கண்டுபிடித்தார்கள். சுப சமாசாரமானால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். சாவுச் செய்தியானால் மூலையைக் கிழித்து அனுப்பினார்கள். எழுத்தறியாத தாய்கூடக் கார்டைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் சேதியை அறிந்து கொண்டாள்.

கடிதத்தைப் பிரிக்கும் உரிமை யாருக்கு என்பது அரசாங்கத்துக்கும் பெரிய கேள்விதான். 1898-ஆம் வருஷத்து இந்தியத் தபால் சட்டத்திலேயே, பொது நன்மை கருதித் தபாலை வழிமறிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, தணிக்கையாளர் பிரித்துப் பார்த்த கடிதங்களின் ஓரத்தில் அதைத் தெரிவிக்கும் துண்டுக் காகிதத்தை ஒட்டி அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் போனபின்னும் 1898 சட்டம் போகவில்லை. 2023-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றி, 2024-இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். புதிய சட்டத்திலும் வழிமறித்துப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் இருக்கிறது. ராஜாக்கள் மாறலாம், பிரித்துப் பார்க்கும் ஆசை மாறுவதில்லை.

இனி மேல்நாட்டு வேடிக்கை ஒன்று. நெப்போலியன் காலத்தில், உணவு கெடாமல் நெடுநாள் வைத்திருக்கும் வழி கண்டதற்காக நிக்கோலா அப்பேர் என்பவருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் 1810-இல் 12,000 பிராங்கு பரிசு கொடுத்தது. அவர் கண்ணாடிப் புட்டியில் அடைத்தார். அதே வருஷம் லண்டனில் பீட்டர் டியூராண்டு தகர டப்பாவுக்கு உரிமை பெற்றார். 1813-இல் டப்பா உணவு செய்யும் தொழிற்சாலையே லண்டனில் வந்துவிட்டது. எல்லாம் சரி, டப்பாவை எப்படித் திறப்பது? அதை யாரும் யோசிக்கவில்லை! உளியும் சுத்தியும் கொண்டு உடைத்தார்கள். போர்முனையில் சிப்பாய்கள் துப்பாக்கிச் சனியனால் குத்திப் பார்த்தார்கள். டப்பா திறக்கும் கருவியை இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸ் 1855-லும், அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் 1858-லும்தான் செய்தார்கள். அடைக்கத் தெரிந்து ஏறக்குறைய 45 வருஷம் கழித்துத் திறக்கத் தெரிந்தது. அடைக்கிறவன் தன் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் நினைத்தான். திறக்கப் போகிறவனை நினைக்கவில்லை.

இப்படி வந்து சேர்ந்த புதுச் சரக்குகளுக்கெல்லாம் நம் ஜனங்கள் தயங்காமல் வினைச்சொல் கொடுத்தார்கள். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலிக் குண்டால் அடைபடும் புட்டிக்கு உரிமை பெற்றார். அந்தப் புட்டி நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கு வந்தபோது, “ஒரு சோடா உடை, அண்ணே” என்றார்கள். எதுவும் உடையவில்லை. கோலி உள்ளே இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தமும் சீறலும் பொங்கலும் இருக்கின்றனவே, அதற்குத் ‘திற’ என்ற சாதுவான சொல் காணுமா? கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் ஷாம்பு முதலிய பண்டங்களைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து ஏழைகளுக்கும் எட்டும்படி விற்க வழி காட்டினார். அதைப் பல்லால் கடித்துக் ‘கிழி’த்தோம். இத்தனை சொல்லும் இருக்க, இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ‘ஓபன் பண்ணு’. மூட்டையானாலும் கடிதமானாலும் கதவானாலும் வாயானாலும் ஓபன்தான். ஆங்கிலச் சொல் வந்துவிட்டதே என்று நான் மார்பில் அடித்துக் கொள்ளவில்லை. சோடாவும் டப்பாவும் எங்கிருந்து வந்தன? என் கவலை வேறு. கட்டுக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தச் சொல் சொல்வதில்லையே!

என் தாயாருக்கு அது முக்கியமான விஷயமாக இருந்தது. எங்கள் ஊர் மளிகைக் கடையில் கூரையிலிருந்து ஒரு நூல் தொங்கிக் கொண்டிருக்கும். கடைக்காரர் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, துவரம் பருப்பைக் கொட்டி, வாயை மடித்து, நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றிப் பட்டென்று அறுப்பார். அம்மா அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது ஒரு பூஜை மாதிரி இருக்கும். முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி, நூலை இழுத்து, ஒரு நூல்கண்டில் சுற்றி வைப்பாள். பருப்பைப் பானையில் கொட்டிக் காகிதத்தைத் தட்டி நீவி என்னிடம் தருவாள். பாதிக் கதையும் பாதி விளம்பரமுமாக நான் முதன்முதலில் படித்த தொடர்கதைகள் அந்தக் காகிதங்களில்தான் இருந்தன. நான் அவசரப்பட்டு நூலை அறுத்தால் அவளுக்குப் பிடிக்காது.

“கட்டுறவன் பிரிக்கிறவனை நினைச்சுக் கட்டணும்; பிரிக்கிறவன் கட்டினவனை நினைச்சுப் பிரிக்கணும்டா” என்பாள்.

அவள் கட்டுகிற எந்தப் பொட்டலத்திலும் சுருக்கு முடிச்சுத்தான் இருக்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கழன்று வந்துவிடும்.

மூன்று வருஷங்களுக்கு முன் சித்திரை மாதக் கடைசியில், ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். தொட்டுப் பார்த்தாலே தெரிந்தது, கூழ்வற்றல். வருஷா வருஷம் அனுப்புவதுதான். அப்போது நான் ஒரு தொடர்கதையின் முடிவைப் பிடிக்க முடியாமல் திண்டாடிக் கொண்டிருந்தேன். “அப்புறம் பிரித்துக் கொள்ளலாம்” என்று புத்தக அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை போன் செய்துகூடச் சொல்லவில்லை. வைகாசி பிறந்த நாலாம் நாள், அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது பொட்டலம் அதே இடத்தில் இருந்தது. என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. மனைவி இரண்டொரு தடவை ஞாபகப்படுத்தினாள். நான் கேட்காதவன் போல் இருந்துவிட்டேன். அம்மா கட்டிய கடைசி முடிச்சு. இழுத்தால் கழன்றுவிடும். கழன்றுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? பிரியாமல் இருக்க வேண்டுமானால் பிரிக்காமல் இருக்க வேண்டும் என்று என் மனம் ஏதோ ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை அன்பு என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

பிரிக்காமல் வைத்த கட்டுகளுக்கு என்ன நேரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிக் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்த வரலாற்றை நான் எத்தனை தடவை படித்திருப்பேன்! அவர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டிராவிட்டால் மாதவியின் கூந்தல் முத்திரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எத்தனையோ வீடுகளில் முன்னோர் சொத்து என்று சுவடிகளைப் பட்டுத் துணியில் சுற்றிச் சரஸ்வதி பூஜைக்கு மட்டும் பொட்டு வைத்தார்கள், அவிழ்க்கவில்லை. உள்ளே செல் அரித்துக் கொண்டிருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு ஐயர் மனம் நொந்ததை அவரே எழுதியிருக்கிறார். நெருப்பில் போட்டவர்களும் பக்தியினால்தான் போட்டார்கள். பரணில் பூட்டி வைத்தவர்களும் பக்தியினால்தான் வைத்தார்கள். ஏட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதையெல்லாம் படித்தவன்தான் ஒரு வருஷம் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறு சித்திரையில், அலமாரியின் தட்டில் மாவு மாவாகத் தூள் உதிர்ந்திருந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். நூலின் முனையை இழுத்தேன். அம்மாவின் முடிச்சு, கேட்ட மாத்திரத்தில் கழன்று கொடுத்தது. உள்ளே வற்றல் இல்லை. வண்டும் பூஞ்சணமும்தான் இருந்தன. அவற்றுக்கு மேலே நாள்காட்டித் தாள் ஒன்றை நாலாக மடித்து வைத்திருந்தாள். பென்சிலால் இரண்டே வரி:

“இந்த வருஷம் நடுவில் மழை வந்து சரியாகக் காயவில்லை. பிரித்த உடனே ஒரு நாள் வெயிலில் போடு.”

அந்தத் தாளைப் பிடித்துக் கொண்டு நான் எவ்வளவு நேரம் நாற்காலியின் மேலேயே நின்றேன் என்று தெரியாது. அவள் பிரிக்கிறவனை நினைத்துத்தான் கட்டியிருந்தாள். கட்டினவளை நினைப்பதாகச் சொல்லிக் கொண்டு நான் பிரிக்காமல் இருந்துவிட்டேன்.

இதை நான் என் மகளிடம் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், அவளைக் கூப்பிட்டு, பார்சல் யாரோடும் சண்டை போடவில்லை என்று மட்டும் சொன்னேன். பிரிந்து போவது வேறு, பிரித்துப் பார்ப்பது வேறு. நடுவில் ஓர் எழுத்து இருக்கிறது என்றேன். அவள் ‘பிரிந்து, பிரித்து’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, பாட்டியின் நூல்கண்டு எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ பிரிக்காத பொட்டலம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். வெயில் இருக்கும்போதே.